வெள்ளிக்கிழமைத் தூண்டில்

லண்டன் டூட்டிங்கில் வெள்ளிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகும் சைவ சமயக்காரர் ஒரேயொருவர்தான் இருந்தார். அவர் பெயர் கனகலிங்கம். தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை, வயது ஐம்பத்துமூன்று. நாலு வருடமாக அவர் போய்வந்தும் மீன் இனத்துக்கு அவரால் எந்தக் கெடுதலும் நேரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இத்தனைக்கும் அவர் கடற்கரை ஊர்க்காரர் அல்ல. பிறந்தது உரும்பிராயில், வெங்காயத் தோட்டத்துக்கு நடுவில். லண்டனுக்கு வரும்வரைக்கும் தூண்டிலை அவர் கையால் தொட்டதில்லை. வேலையிடத்தில் கூட இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் 1990இல் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குக் குடிபோனபோது, தன்னுடைய தூண்டில், ரீல், தொடை உயர ரப்பர் சப்பாத்து எல்லாவற்றையும் கனகலிங்கத்தின் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு சின்ன மீன்பிடிச் சங்கத்தில் தன்னுடைய இடத்தையும் கொடுத்தார். சசெக்ஸ் பக்கத்தில், லண்டன்காரர் எவருக்கும் பெயர் தெரியாத ஒரு சிற்றாறு. அதில் ஒன்றரை மைல் கரை இந்தச் சங்கத்துக்குச் சொந்தம். கடலிலிருந்து ஏறிவரும் சீ ட்ரவுட் மீன்தான் அங்கே அதிகம். சால்மன் வருடத்தில் நாலோ ஐந்தோ வரும், அதுவும் வந்தால்தான். ஆட்கள் நெருக்கியடிக்காமல் இருக்க ஒவ்வோர் அங்கத்தவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். கனகலிங்கத்துக்கு வந்து சேர்ந்த நாள் வெள்ளி.

வெள்ளி என்று கேட்டவுடனேயே மனிதர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவருடைய மனைவி கமலாம்பிகைதான் யோசித்தாள்.

"வெள்ளிக்கிழமை மீன், மச்சம் ஒண்டும் வீட்டுக்குள்ளை வராது. தெரியும்தானே?"

"ஓம், ஓம். வெள்ளி பிடிக்கிறது, சனி சமைக்கிறது. அதுவரைக்கும் பின்வளவுக் கொட்டிலுக்கை இருக்கிற பழைய ஃப்ரீசரிலை கிடக்கட்டும்."

"மீன் தொட்ட கையோடை சாமியறைப் பக்கம் வரவும் ஏலாது. தலை முழுகிப்போட்டுத்தான் வரவேணும்."

"முழுகிறன்."

இப்படிப் பேசிப் பொருந்தி வைத்த சட்டங்கள் நாலு வருடமாக ஒரு நாளும் பாவிக்கப்படவில்லை. வெள்ளி மாலை ஆறரைக்குக் கனகலிங்கத்தார் திரும்பி வருவார். ரப்பர் சப்பாத்தைப் பின்கதவடியில் கழற்றுவார். கால் முகம் கழுவுவார். நேரே சாமியறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு, தேத்தண்ணிக்கு வந்து குந்துவார். பாவம், தலை முழுக வேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. கொட்டிலில் இருந்த ஃப்ரீசரில் கமலாம்பிகை முருங்கைக்காய் வெட்டிப் போட்டு வைத்தாள்.

இதைச் சும்மா விடுகிற ஆளா அம்பலவாணர்? அவர் கமலாம்பிகையின் தமையன், வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். மச்சானைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா கிடக்காது. "மச்சான், மீனுகள் உன்னை எப்பிடிச் சுகம் எண்டு கேட்டதாம்" என்பார். "உன்ரை தூண்டிலிலை முள் கிடக்கோ, இல்லை சும்மா நூல்தானோ?" என்பார். இரண்டு வருடம் இதைக் கேட்டுக் கேட்டுக் கனகலிங்கத்தாருக்கு ரோசம் வந்தது. ரோசம் வந்த இடத்தில்தான் புத்தி தடுமாறியது.

1992 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆற்றிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் வழியில், டூட்டிங்கில் பரமேஸ்வரனின் மீன்கடை வாசலில் காரை நிறுத்தினார். முழுசாக ஒரு சால்மன் வாங்கினார். செதில் சுரண்ட வேண்டாம், குடல் எடுக்க வேண்டாம், வெட்டவே வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். பரமேஸ்வரன் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிக் கொடுத்தான். கனகலிங்கத்தார் அடுத்த தெருவுக்குப் போய், காருக்குப் பின்னால் நின்று, கடைப் பையிலிருந்து தன்னுடைய மீன்பிடிப் பைக்குள் மீனைச் சரித்தார். வெள்ளிக்கிழமையல்லவா, விரல்கூடப் படாமல் சரித்தார். கள்ளத்திலும் ஆசாரம் தவறவில்லை. வீட்டுக்கு வந்து, பையைக் கொட்டிலில் வைத்துவிட்டு, கால் முகம் கழுவி, வழக்கம்போலச் சாமியறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டுதான், "கமலம், இண்டைக்கு ஒண்டு அம்பிட்டுது" என்று மெல்லச் சொன்னார்.

கமலாம்பிகை அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். அடுத்த நாள் அம்பலவாணரைக் குடும்பத்தோடு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மீனை எடுத்து மேசையில் வைத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கச் செவுளைத் திறந்தாள். உள்ளே பச்சைப்பசேல் என்று ஒரு கறிவேப்பிலை நெட்டு.

மீன் வாங்குகிற எல்லோருக்கும் பரமேஸ்வரன் செவுளுக்குள் ஒரு நெட்டுக் கறிவேப்பிலை சும்மா செருகிக் கொடுப்பான். அது அவன் கடைப் பழக்கம். கனகலிங்கத்தார் எல்லாம் சொன்னவர், அதை வேண்டாம் என்று சொல்ல மறந்துபோனார்.

அம்பலவாணர் நெட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "மச்சான், சசெக்ஸ் ஆத்திலை கறிவேப்பிலையும் மிதக்குதோ?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இரண்டு வருடமாக ஓயவில்லை. மனோர் பார்க் முருகன் கோயிலில் முன்பின் அறியாத யாரோ ஒருவர் கிட்ட வந்து, "நீங்கள்தானே அந்தக் கறிவேப்பிலை அண்ணை?" என்று கேட்கிற அளவுக்குப் போனது. அதை எல்லாம் மனிதர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும், பஸ் பிந்திவிட்டது என்று சொன்னாலும்கூட, கமலாம்பிகை ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "ஓமோ?" என்றாள். அந்த ஒரு கணம் அவரைக் குத்தியது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள், ஒரு மீனுக்காகத் தன் வார்த்தையை நிறுத்துப் பார்க்கிறாளே என்று மனம் நொந்தார். உண்மையாக ஒரு மீன் பிடிக்க வேண்டும், அதை அவள் நம்ப வேண்டும். மனிதருக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

1994 வந்தது. மகள் சந்திரவதனாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளை. அந்த வருடம் ஊரில் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறின நாள்தொட்டு இருபத்தைந்து நாளும் வீட்டில் விரதம் என்று கமலாம்பிகை நேர்த்தி வைத்தாள். மீன், முட்டை ஒன்றும் கிடையாது. கனகலிங்கத்தாரும் மனதார ஒப்புக்கொண்டார். மகள் விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். ஆனால் கொடியேறின வெள்ளி போய் அடுத்த வெள்ளி நெருங்க நெருங்கக் கால் நிலைகொள்ளவில்லை.

"கமலம், விரதத்துக்கை நான் ஆத்துக்குப் போறது சரியோ?"

கமலாம்பிகை கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்கள் போறதாலை விரதத்துக்கு என்ன வரப்போகுது? தாராளமாப் போட்டு வாங்கோ. முருகனுக்கும் தெரியும்."

அனுமதி கிடைத்தது சந்தோசம்தான். ஆனால் கிடைத்த விதத்தை நினைத்து அவர் அன்றிரவு நெடுநேரம் புரண்டு படுத்தார்.

வியாழன் முழுக்க மழை. வெள்ளி காலை அவர் போய்ச் சேர்ந்தபோது ஆறு தேத்தண்ணி நிறத்தில் பெருகி, மெல்ல வடியத் தொடங்கியிருந்தது. அதுதான் நல்ல தண்ணீர் என்று சங்கச் செயலாளர் பெல்ஹம் முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார். பெல்ஹம் எழுபது வயது தாண்டிய மிருக வைத்தியர். இன்னொன்றும் அவர்தான் சொன்னவர். கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குள் ஏறிவருகிற சால்மன் வழியில் ஒன்றும் தின்னாதாம். பிறகு ஏன் தூண்டிலைக் கவ்வுகிறது என்றால், அது மீனுக்கே தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். பட்டினி கிடக்கிற மீனுக்குத்தான் நாலு வருடமாக இரை காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று கனகலிங்கத்தார் அன்றைக்கு விளங்கிக்கொண்டார்.

அந்த ஆற்றில் புழு போடக்கூடாது. இறகாலும் நூலாலும் கட்டிய பொய்ப்பூச்சி மட்டும்தான். அதைக் குறுக்கே வீசி, நீரோட்டத்தோடு வளைந்து வரவிட்டு, ஓரடி கீழே நடந்து, மறுபடி வீச வேண்டும். பதினொரு மணிபோல மரத்தடி மடுவுக்கு வந்து சேர்ந்தார். வீசினார். நூல் வளைந்து வந்தது. நடுவழியில் நின்றது.

வழக்கம்போல வேரில் மாட்டிவிட்டது என்றுதான் நினைத்தார். வேர் அசைந்தது. பிறகு வேர் ஓடத் தொடங்கியது.

"முருகா!" என்று ஆற்றங்கரையே கேட்கக் கத்தினார். ரீல் கிறீச்சிட்டது. கீழே ஓடி, மேலே ஓடி, ஒருமுறை முழு உடம்பும் தெரியத் துள்ளி விழுந்தது மீன். கால் மணித்தியாலம் இழுபறி. மீன் களைத்ததா அவர் களைத்தாரா என்று சொல்ல முடியாது. ஒருவழியாகக் கைவலை அதற்குக் கீழே போனது.

சால்மன்தான். வெள்ளி உருக்கி வார்த்த மாதிரி ஒரு சால்மன். வலைப்பிடியில் இருந்த தராசு எட்டு இறாத்தலுக்கு ஒரு கோடு மேலே காட்டியது. கனகலிங்கத்தார் தண்ணீருக்குள் முழங்காலில் நின்றபடியே அழுதார், சிரித்தார், மூக்கைச் சீறினார். இடுப்பில் ஒரு குட்டித் தடி தொங்கியது. பிடித்த மீனை அதால் தலையில் ஒரே தட்டாகத் தட்டி முடிக்க வேண்டும். நாலு வருடமாகத் தொங்கியும் கடை மினுக்கம் போகாத தடி. அதை எடுத்தார்.

எடுத்த கை அப்படியே நின்றது.

கொடியேறி எட்டாம் நாள். வீட்டில் நேர்த்தி. மகள் வயிற்றில் எட்டு மாதம். மீன் செவுளைத் திறந்து திறந்து மூடியது. இதுவும் ஒன்றும் தின்னாமல் முட்டையோடு வந்திருக்கிறது என்ற நினைப்பு அந்த நேரம் பார்த்தா வரவேண்டும்! வந்துவிட்டது. மறுபக்கத்தில் அம்பலவாணரின் முகம் வந்தது. கோயிலில் கேட்டவனின் முகம் வந்தது. கமலத்தின் அந்த ஒரு கணப் பார்வையும் வந்தது. இந்த மீனைக் கொண்டுபோய்க் கொட்டிலில் வைத்தால் போதும். செவுளைத் திறந்து பார்க்கட்டும். குடலைக் கிழித்துப் பார்க்கட்டும்.

ஒரு படமாவது எடுக்கலாம் என்றால், மூன்று வருடம் சும்மா பையில் சுமந்த கமெராவை இந்த வருடம்தான், எதற்கு வீண் பாரம் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"எனக்கெண்டே பாத்து வந்தனியோ?" என்று மீனைத் திட்டினார். பிறகு தடியை இடுப்பில் செருகினார். விரலால் முள்ளைக் கழற்றினார். மீனை இரண்டு கையாலும் ஏந்தி, தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி பிடித்துக்கொண்டார். அதற்கு மூச்சு வந்தது. உடம்பு முறுகியது. வாலை ஒரு அடி அடித்து, அவர் முகத்தில் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டது.

கரையோரக் குடிசையில் சங்கத்துப் புத்தகம் கிடந்தது. அதில் தேதி போட்டு, ஆங்கிலத்தில் எழுதினார்: சால்மன் ஒன்று, எட்டு இறாத்தல், திரும்ப விடப்பட்டது. எழுதி முடிக்கிற நேரம் பெல்ஹம் நாயோடு வந்து சேர்ந்தார். வாசித்தார். உண்மையோ என்று கேட்காமல் கையைப் பிடித்துக் குலுக்கினார். புத்தகத்தில் எழுதினால் எழுதினதுதான், அது அவர்கள் வழக்கம்.

"ஏன் விட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கள் கடவுளுக்குத் திருவிழா நடக்கிறது."

பெல்ஹம் புத்தகத்தை இன்னொருமுறை பார்த்தார். "இந்தப் புத்தகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். இதுபோல் ஒன்றை நான் கேட்டதில்லை" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் கனகலிங்கத்தார் காருக்குள் ஒத்திகை பார்த்தார். "கமலம், இண்டைக்கு ஒண்டு அம்பிட்டுது." சீ, அது பழைய வசனம். "கமலம், ஒரு சால்மன் பிடிச்சு விட்டிட்டன்." இதை யார் நம்புவான்? இல்லாத மீனுக்கு இதைவிட நல்ல காரணம் இருக்கிறதா? தானே கேட்டால் தானே நம்ப மாட்டார். குரொய்டன் தாண்டும்போது முடிவெடுத்துவிட்டார். வாயே திறப்பதில்லை. வாயைக் கொடுத்து இன்னும் இரண்டு வருடம் மாட்டுப்படுவதை விட, உண்மையை வயிற்றுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. அப்படி நினைத்ததும் அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

வீட்டு வாசலில் அம்பலவாணரின் பலசரக்குக் கடை வான் நின்றது. திருவிழா வெள்ளி என்று பூசைக்கு வந்திருந்தார்கள். சாமியறையில் விளக்கு எரிந்தது. கமலாம்பிகை கையில் மணியோடு இவருக்காகத்தான் காத்திருந்தாள்.

"வந்திட்டார் எங்கடை மீன்பிடிகாரர்!" அம்பலவாணர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எத்தினை மச்சான்? கறிவேப்பிலையாவது கிடைச்சுதோ?"

"ஒண்டும் இல்லை மச்சான்" என்றார் கனகலிங்கத்தார்.

"அது தெரிஞ்ச கதைதானே. வா, வா, பூசைக்கு நேரமாகுது."

"நீங்கள் தொடங்குங்கோ. நான் தலை முழுகிப்போட்டு வாறன்."

சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினார். அவருக்குப் பின்னால் மணி ஒருமுறை 'ணங்' என்று தவறி அடித்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஷவரைத் திறந்து தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறார். கதவில் தட்டிக் கேட்டது.

"இஞ்சேருங்கோ."

"என்ன கமலம்?"

"என்ன மீன்?"

கனகலிங்கத்தாருக்குச் சவர்க்காரம் கையிலிருந்து நழுவியது. "என்ன... ஆர் உமக்குச் சொன்னது?"

"நீங்கள்தான். நாலு வருசமா ஒவ்வொரு வெள்ளியும் ஆத்தாலை வந்து கால் முகம் கழுவிப்போட்டு நேரை சாமியறைக்குப் போறனியள். இண்டைக்குத்தானே முழுகிறியள்."

அவர் குனிந்து சவர்க்காரத்தைத் தேடினார்.

"அந்தக் கறிவேப்பிலைச் சால்மன் நாளிலையும் முழுகாமல்தான் போய்த் திருநீறு பூசினியள். கையாலை மீன் பிடிச்ச மனுசன் அப்பிடிப் போகாது. கறிவேப்பிலையைக் காணுறதுக்கு முதல் நாளே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமோ உம்மடை அண்ணையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டனீர்?"

"கூப்பிட்டன்தான். சரி, அதை விடுங்கோ. என்ன மீன்?"

"சால்மன்."

"எங்கை?"

"விட்டிட்டன்." தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்று இன்னொருமுறை சொன்னார். "விட்டிட்டன் கமலம். தடியைக் கையிலை எடுத்திட்டன். பிறகு பிள்ளையை நினைச்சன். ஏலாமல் போச்சுது. அதுவும் ஆத்துக்கை வந்தால் ஒண்டும் தின்னாதாம்."

கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை இறாத்தல்?" குரல் கரகரத்திருந்தது.

"எட்டு. அதுக்கும் கொஞ்சம் மேலை."

"நான் அண்ணைக்கு ஆறு எண்டுதான் சொல்லுவன். எட்டெண்டால் அந்தாள் திரும்பவும் கறிவேப்பிலையிலை வந்து நிக்கும்."

"ஏழெண்டாவது சொல்லுமன்!"

"ஆறு" என்றாள். படியில் இறங்கிப் போகிற காலடி கேட்டது.

கனகலிங்கத்தார் ஷவரை நிறுத்திவிட்டு, ஈரத்தலையோடு கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கீழே அம்பலவாணர் என்னவோ கேட்டுச் சிரித்தார். அதற்கு மேலால் கமலாம்பிகையின் குரல் வந்தது.

"சிரிக்காதையுங்கோ அண்ணை. இவர் இண்டைக்கு ஒரு சால்மன் பிடிச்சு, விரதம் எண்டு விட்டிட்டு வந்திருக்கிறார். எட்டு இறாத்தல். அதுக்கும் கொஞ்சம் மேலை."